ஓடும் காளையும் ஒளிப்படமும்

(நமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி வணங்குகின்றோம். மாட்டுவண்டிச் சவாரி நடக்கும் திடலுக்கும் கூட்டமாய்ச் செல்கின்றோம். கமராவோ கைத்தொலைபேசியோ இல்லாத கையை இன்று அங்கே காண்பது அரிது. ஆயினும், வீடு திரும்பிப் படங்களைப் பார்த்தால், காளை நின்ற இடத்தில் ஒரு வெண்புகையே தெரிகின்றது. இக்குறை எதனால் வருகின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கமராவின் உள்ளே திறந்து மூடும் திரையொன்று உண்டு. அதனை ஷட்டர் என்பர். அது திறந்திருக்கும் நேரமெல்லாம் காளை ஓடிக்கொண்டே இருக்கின்றது. கணக்குக்காகக் காளையின் வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர் என்று கொள்வோம். அதாவது செக்கனுக்கு 10 மீற்றர். ஷட்டர் 1/50 செக்கன் திறந்திருந்தால் அதற்குள் காளை 20 சென்றிமீற்றர் நகர்ந்துவிடும். படம் கலங்காமல் என்ன செய்யும்? 1/1000 செக்கனாயின் ஒரேயொரு சென்றிமீற்றர்தான் நகரும். இந்தக் கணக்கு விளங்கினால் பாதிப் பாடம் முடிந்தது.

ஆதலால், புதிதாய்ப் பழகுவோர் கமராவின் மேலுள்ள வட்டத்தை எஸ் அல்லது டி.வி. என்ற எழுத்துக்குத் திருப்புக. ஷட்டர் வேகத்தை நாம் குறித்தால், ஒளித்துவாரத்தைக் கமரா தானே அமைத்துக்கொள்ளும். நம்மைக் குறுக்கே கடந்தோடும் வண்டிக்கு 1/1000 வைக்க. நேரே நம்மை நோக்கி வருவதற்கு 1/500 பெரும்பாலும் போதும். ஐ.எஸ்.ஓ. அளவை ஓட்டோவில் விட்டு, மேலெல்லையை 3200 என வைக்க. பொழுது சாயும்போது அது உயர, படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். அதற்கு அஞ்சவேண்டாம், கலங்கிய படத்திலும் மணல் தூவிய படம் மேலானது.

அடுத்தது குவியம். ஓடும் பொருளை விடாது தொடரும் குவியமுறையை ஏ.எப்.-சி என்றும் ஏ.ஐ. சேர்வோ என்றும் கமராக்களில் குறித்திருப்பர். அதனைத் தெரிந்து, முன்வரும் காளையின் முகத்தில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடி தொடர்ந்து வாருங்கள். தொடர்படம் எடுக்கும் முறையில் நான்கைந்து படங்கள் எடுத்தால் ஒன்றாவது தேறும். கைத்தொலைபேசியிலும் தொடர்படம் எடுக்கலாம். வெயில் நம் முதுகுப்புறம் இருத்தல் நலம். திடலின் புழுதியில் வில்லையைக் கழற்றி மாற்றுதல் ஆகாது.

கை பழகியபின் 1/60 வைத்து, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, காளையோடு கமராவையும் சீராகக் கொண்டுசென்று பாருங்கள். காளை தெளிந்து நிற்க, வேலியும் கூட்டமும் கோடுகளாய் ஓடும்.

இனி, வேகத்தினும் பெரிய விடயமொன்று. நம்மிடையே ஓர் இளைஞர், நல்ல படமொன்றை விரும்பிக் கயிற்றைத் தாண்டி ஓடுபாதையருகே சென்று நின்றார். அவர் கையிலிருந்து பிளாஷ் வெளிச்சம் பளிச்சிட்டது. இடப்புறக் காளை மிரண்டு விலகியது. நுகத்தால் பிணைந்த மற்றையதும் இழுபட, வண்டி சரிந்து மீண்டது. எவருக்கும் காயமில்லை, அது இறைவன் அருள். பகல் வெயிலில் தொலைவில் ஓடும் மாட்டுக்குப் பிளாஷ் பயன்படுவதும் இல்லை. ஆகவே அதனை அணைத்துவிட்டே திடலுக்குள் செல்வோம். கயிற்றுக்கு இப்பால் நிற்போம். கிட்ட வேண்டுமாயின் 200 மில்லிமீற்றர் வில்லை கொண்டு கிட்டுவோம்.

ஐரோப்பிய ஓவியர் பலர், பாயும் குதிரை நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறப்பதாகத் தீட்டி வந்தனர். 1878 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பார் 12 கமராக்களை வரிசையாய் வைத்து ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். கால்கள் நிலத்தைவிட்டு எழுவது, அவை வயிற்றின்கீழ் மடங்கும் கணத்திலேயே என்பது அப்போது தெளிவாயிற்று. கண் காணாததைக் கமரா கண்டது.

நமது கமராவும் அவ்வாறே காணும். 1/1000 செக்கனில் காளையின் கண் தெளிவாகத் தெரியும். அதில் அச்சம் இருப்பின் அதுவும் தெரியும். முதுகில் தடித்த அடியும் தெரியும். அத்தகைய படத்துக்கு வெற்றி என்று பெயரிட்டுச் சுவரில் மாட்டுவது, தை மாதத்தில் அதே நெற்றிக்குச் சந்தனம் இட்ட நமக்கு அழகன்று. அதனை வண்டிக்காரருக்கும் விழா நடத்தும் பெரியோருக்கும் பணிவுடன் காட்டுவோம். பதினாயிரம் வார்த்தை சொல்லாததை அப்படம் சொல்லக்கூடும்.

அடுத்த சவாரிக்கு முன், தெருவில் ஓடும் துவிச்சக்கரவண்டிகளை வைத்துப் பழகுங்கள். பழகிய கையுடன் திடலுக்கு வாருங்கள். காளை மிரளாமல் எடுத்த படமே நல்ல படம் என்று கூறி அமைகின்றோம்.