மண்ணுக்குத் திரும்புவது
(சாம்பல் புதன் வானொலி மறையுரை)



இன்று நம் நெற்றியில் பூசப்படும் சாம்பல் எங்கிருந்து வந்தது? கடந்த குருத்து ஞாயிறன்று நாம் கையிலேந்திப் பவனி சென்ற அதே ஓலைகளிலிருந்துதான். எரித்தபோது எழுந்த அனல் போய்விட்டது. அதை இனி யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் ஓலை மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் இந்தச் சாம்பலில் தங்கியிருக்கின்றன. கத்தரிச் செடிக்கு அடுப்புச் சாம்பல் தூவும் நம் தாய்மார்கள் இதை அறிவார்கள்.

இறைவனின் படைப்பு இந்த இரு வழிகளில்தான் இயங்குகிறது. ஆற்றல் வந்து போகிறது. மண்ணின் சத்தோ சுற்றிச் சுற்றி வருகிறது.

வில்லியனூருக்கு அருகே உள்ள ஊசுட்டேரியைப் பாருங்கள். 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. கதிரவனின் ஒளியைப் பாசி உண்கிறது. பாசியைப் பூச்சியும், பூச்சியை மீனும், மீனை நீர்க்காகமும் உண்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றலே மேலே செல்கிறது. மற்றது வெப்பமாகப் பிரிந்துவிடும். கணக்குக்காகச் சொன்னால், ஆயிரம் கிலோ பாசி இருந்தால்தான் ஒரு கிலோ பறவை! இக்கணக்கிற்கு அடித்தளமிட்டவர் ரேமண்ட் லிண்டமன் என்ற இளம் அமெரிக்க அறிஞர். ஒரு சிறிய ஏரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1942இல் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே, 26 வயதில் அவர் இறந்துபோனார். மடிந்த கோதுமை மணி பலன் தந்தது.

எனவே ஆற்றல் என்பது மன்னா போன்றது. நேற்றைய ஒளி இன்றைக்கு உதவாது. ஒவ்வொரு காலையும் இறைவன் புதிதாகத் தருகிறார். ஆனால் மண்ணின் சத்து அப்படி அன்றாடம் வானிலிருந்து பொழிவதில்லை. இருப்பதுதான் மீண்டும் மீண்டும் வர வேண்டும். கோடையில் பாகூர் ஏரி வண்டலை மாட்டுவண்டியில் ஏற்றி வயலில் கொட்டிய நம் முன்னோர், வயலிலிருந்து ஓடிவந்ததை வயலுக்கே திருப்பித் தந்தார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? உரமும் கழிவுநீரும் ஏரியில் சேர்கின்றன. பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டுகின்றன. அவை அழுகும்போது நீரில் உயிர்வளி தீர்ந்து, விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' திருமடலின் 22ஆம் பத்தி இதைத்தான் நினைவூட்டுகிறது: இயற்கையில் ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு, மனிதர் நாம் மட்டும் குப்பையைக் குவிக்கிறோம்.

நாமும் குற்றவாளிகளே. கடந்த திருவிழா விருந்து முடிந்ததும் மிஞ்சிய சோற்றையும் பிளாஸ்டிக் தட்டுகளையும் ஒன்றாக வாய்க்கால் ஓரம் கொட்டினோம். அப்பங்களைப் பலுகச் செய்த ஆண்டவரோ, எதுவும் வீணாகாதபடி மிஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அந்த இரவு நம்மிடம் ஒரு கூடைகூட இல்லை.

சம்பா அறுவடை முடிந்திருக்கிறது. "எந்திரம் சிதறிவிட்டுப் போன வைக்கோலைக் கட்ட ஆள்கூலி கட்டுப்படியாகலை, சாமி, ஒரு தீக்குச்சி போதும்" என்கிறார்கள் நம் விவசாயிகள். அவர்கள் கஷ்டம் உண்மையானது. அவர்களைக் குறைசொல்ல நாம் வரவில்லை. ஆனால் எரித்தால் தழைச்சத்தின் பெரும்பகுதி புகையாகிப் போய்விடும். அடுத்த போகத்தில் அதையே கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். எனவே இத்தவக்காலத்தில் அன்பியக் குழுக்கள் ஒரு நாள் வயலில் இறங்கி வைக்கோல் கட்ட உதவட்டும். கட்ட முடியாததை மடக்கி உழலாம். ஆலயத்தின் பின்புறம் ஓர் எருக்குழி வெட்டுவோம். இதுவும் நோன்புதான், இதுவும் அறச்செயல்தான்.

மண்ணாய் இருக்கிறோம், மண்ணுக்கே திரும்புவோம். திரும்பும்வரை, மண்ணிடம் பெற்றதை மண்ணுக்குக் கொடுத்து வாழும் வரத்தை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.