பல்கலைக்கழகம் யாருக்கு?

(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழகம் பற்றி நம் மேடைகளில் பேசுகிறவர்கள், கி.பி. 859இல் ஃபெஸ் நகரில் கராவிய்யீனை நிறுவியதாகச் சொல்லப்படும் பாத்திமா அல் ஃபிஹ்ரி அம்மையாரிலிருந்து தொடங்குவது வழக்கம். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையிலேயே நேரம் போய்விடும் என்பதால், நான் சிங்கப்பூரிலிருந்தே தொடங்குகிறேன்.

1905இல் இங்கே மருத்துவப் பள்ளி திறந்தபோது அதன் வேலை அரசாங்க மருத்துவச் சேவைக்கு ஆள் தயாரிப்பது. அதற்காக தான் ஜியாக் கிம் முன்னின்று 87,000 வெள்ளிக்கு மேல் திரட்டினார். பிறகு 1953இல் நன்யாங் பல்கலைக்கழகம் வேண்டும் என்று தான் லார்க் சை 50 லட்சம் வெள்ளி தர முன்வந்தார். அவர் ரப்பர் கோடீஸ்வரர், கொடுத்ததில் வியப்பில்லை. சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர்களும் தெருவோர வியாபாரிகளும் ஒரு நாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்களே, அதுதான் வியப்பு. அவர்களில் எத்தனை பேர் அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார்கள்?

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. அதே 1950களில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார். எளிய மக்கள் கொடுத்தார்கள். அந்தத் துறை இன்றும் கோலாலம்பூரில் நடக்கிறது.

இன்று நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, “இந்தப் படிப்புக்கு என்ன சம்பளம்?” என்பது. கட்டணம் கட்டுகிற தகப்பன் கேட்கத்தான் செய்வார், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூற்றில் ஐந்து பேர் பல்கலைக்கழகம் போன 1980 வேறு. நாற்பது பேர் போக வேண்டும் என்று அரசே இலக்கு வைத்த காலம் வேறு. பக்கத்து வீட்டிலும் பட்டம் இருக்கிறது. கட்டுரையைக் கணினியே எழுதித் தருகிறது. 22 வயதில் படித்தது 45 வரை தாங்குமா என்பதே சந்தேகம்.

பல்கலைக்கழகங்களுக்கு இது தெரியும். ஒருவர் சேர்ந்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் மாணவராகவே கருதப்படுவார் என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2018இல் அறிவித்தது. வேலை பார்க்கும் பெரியவர்களுக்குப் பகுதிநேரப் பட்டப்படிப்புகள் இருக்கின்றன. 2024 மே முதல், 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையாகக் கூடுதல் 4,000 வெள்ளி கிடைக்கிறது. வாசல் திறந்திருக்கிறது.

நம்மில் யார் நுழைகிறார்கள்? சாதாரண நிலைத் தேர்வோடு படிப்பை நிறுத்திக் கல்யாணமான தாய்மார்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். “இனிமேல் எனக்கெதற்கு?” என்பீர்கள். ஆசை இல்லாமல் அல்ல. மாலை ஏழு மணி வகுப்பென்றால் பிள்ளையை யார் பார்ப்பது, மாமியாருக்கு யார் சோறு போடுவது? அரசாங்கத்தின் 4,000 வெள்ளி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. சங்கம் சொல்லலாம்.

நம் கல்வி உதவித்தொகைக்கு 25 வயது வரம்பு இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். மூன்றில் ஒரு பங்கை நாற்பது தாண்டியவர்களுக்கு ஒதுக்க வேண்டும். வகுப்பு நடக்கும் மாலைகளில் நம் கட்டடத்தின் மேல்மாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். அந்த அறை இப்போது நாற்காலிகளை அடுக்கி வைக்கத்தான் பயன்படுகிறது.

இளையர்களின் பங்கு குறையுமே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். குறையும், ஆகவே நிதியைப் பெருக்க வேண்டும். முன்வரிசையில் இருக்கும் வணிகப் பெருமக்கள் என் பார்வையைத் தவிர்ப்பது தெரிகிறது.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அவர் ஒரு பெண் உறுப்பினராக இருந்தால் நல்லது.