பலர் கூடி எழுதும் ஏடு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கல்கத்தாவில் வாழும் நாம் ஆண்டுதோறும் கூடித் தமிழ் பேசி மகிழ்கின்றோம். பேசினால் மட்டும் போதுமா? லேக் மார்க்கெட்டைச் சுற்றி நம் முன்னோர் குடியேறிய வரலாறு முதியோர் நினைவில் அன்றோ உள்ளது? அவர்களோடு அது மறையலாமா? நாம் அனைவரும் கூடி எழுதுதற்கு இன்று வாய்த்துள்ள கருவி 'விக்கி' என்னும் மென்பொருள்.

1995-ஆம் ஆண்டில் அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை இணையத்தில் நிறுவினார். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு 'விரைவு' என்பது பொருள். படிப்பவரே திருத்தவும் செய்யலாம் என்பது அதன் புதுமை. 2001-இல் விக்கிப்பீடியாவும் 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வழியே தோன்றின.

"எவரும் திருத்தலாமெனில் ஏடு கெடாதோ?" என்று அஞ்சுவார் உளர். பழைய பாடத்தை அழிக்காமையே அதற்குக் காவல். ஒவ்வொரு திருத்தமும் யார் செய்தது, எப்போது செய்தது என்னும் குறிப்போடு நிற்கும். இரு பாடங்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம். பிழையெனில் முந்தையதை மீட்கலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிடப் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். ஏடெழுதியோர் இத்தகைய குறிப்பை வைத்துச் சென்றிருப்பின் அவர் பட்ட பாடு எவ்வளவு குறைந்திருக்கும்!

அவ்வேடுகளில் மற்றுமொரு தொல்லை உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதுவது வழக்கம், படிப்போர் இடர்ப்பட்டனர். பொதுக்குறி இல்லாவிடில் எழுத்தும் புதிராகும். விக்கியிலும் இத்தொல்லை உண்டு. ஒரு மென்பொருளில் சொல்லைத் தடித்துக் காட்ட இருபுறமும் மும்மூன்று மேற்குறிகள். மற்றொன்றில் இரண்டிரண்டு உடுக்குறிகள். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் அப்படியே இட்டால் குறிகள் வெறும் குப்பையாய் நிற்கும். இதனைத் தீர்க்க 2007-இல் 'கிரியோல்' என்னும் பொதுக்குறியீடு வகுக்கப்பட்டது. ஆயினும் எல்லோரும் அதனை ஏற்றிலர். விக்கிப்பீடியா தன் குறிகளையே கையாள்கின்றது.

பொதுக்குறி எத்தகையதாதல் வேண்டும்? முதல் விக்கியில், ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்தால் அது வேறு பக்கத்திற்கு இணைப்பாகும். தமிழிலும் வங்கத்திலும் பெரிய எழுத்து ஏது? அவ்விதியே நிலைத்திருப்பின் நாம் வாயிற்புறத்தே நின்றிருப்போம். பின்னர் வந்த இரட்டைச் சதுர அடைப்புக்குறி எம்மொழிக்கும் பொருந்திற்று. ஒருவர் வழக்கத்தைப் பிறர்மேல் ஏற்றுவது பொதுமை ஆகாது. யாவரும் எழுத இடந்தருவதே பொதுமை.

ஆகவே அன்பர்களே, நம் சங்கத்திற்கென ஒரு விக்கி அமைப்போம். எழுதத் தொடங்குமுன் குறிகளையும், பெயர்களை எழுதும் முறையையும் ஒருமுகமாய் முடிவு செய்வோம். பாட்டனார் எழுதியதைப் பேரன் திருத்துக. பாட்டனார் பாடமும் அங்கேயே நிற்க.