வறியவர் என்பவர் யார்?



தலைநகர் டில்லியில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில், துணிகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். 30 ஆண்டுகளுக்கு முன் சேலம் மாவட்டத்திலிருந்து வந்தவர். நான் அரசாங்கத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். ஆகவே இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஏதேனும் காகிதம் வந்தால் என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வது அவர் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாலையில் அவர் வந்தபோது கையில் காகிதம் எதுவும் இல்லை. கேள்வி ஒன்றுதான் இருந்தது.

"ஐயா, ஊரில் பாட்டன் காலத்துப் பூமி இருக்கிறது. என் பங்கு இன்றைக்கு 20 லட்சம் பெறும் என்கிறார்கள். அம்மாவின் காரியத்துக்குப் போனபோதே, உனக்குப் பங்கு கிடையாது என்று தம்பி சொல்லிவிட்டான். அது நடந்து 11 வருஷம் ஆகிறது. இப்போது வக்கீலைக் கேட்டால், வழக்குப் போட நீதிமன்றத்துக்கே 60,000 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறார். அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன்?"

கட்டணம் செலுத்த இயலாதவர்கள் கட்டணமின்றியே வழக்குத் தொடுக்க அனுமதி கேட்கலாம் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "20 லட்சம் ரூபாய்ப் பங்கு கேட்கிறவன் தன்னை ஏழை என்று சொன்னால் எந்த நீதிபதி நம்புவார்? அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு ஊரார் முகத்தில்தான் எப்படி விழிப்பேன்?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாததனால் உரிமையை இழந்தவர்கள், வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே பலர் உண்டு. அந்த விடையை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில், 60,000 ரூபாய் என்ற தொகை எப்படி வந்தது? உச்ச நீதிமன்றம் தவிர்த்த ஏனைய நீதிமன்றங்களின் கட்டணத்தை விதிப்பது மாநிலங்களின் அதிகாரம். நிலத்தைப் பற்றிய வழக்கை அந்நிலம் இருக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும். ஆகவே டில்லியில் வாழ்பவராயினும் பெரியவருக்குப் பொருந்துவது தமிழ்நாட்டின் 1955-ஆம் ஆண்டுச் சட்டமே. பங்காளிகளோடு சேர்ந்து நிலத்தை அனுபவித்து வருபவர் பாகம் கேட்டால் கட்டணம் சொற்பம். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் கேட்டால், தம் பங்கின் சந்தை மதிப்பின்மேல் கட்டணம் கட்ட வேண்டும். 2017-இல் குறைக்கப்பட்ட பின்னர் அந்த வீதம் நூற்றுக்கு 3 ரூபாய். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள்தாமே பெரும்பாலும் அனுபவத்திலிருந்து விலக்கப்படுகிறவர்கள்!

இனி, வறியவர் யார் என்பதைப் பார்ப்போம். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளை இதற்கு விடை தருகிறது. அச்சட்டம் முன்னர் இத்தகையோரைப் 'பாப்பர்' என்று குறித்தது. பிச்சைக்காரர் என்ற நிழல் படிந்த சொல் அது. 1976-இல் நிறைவேறிய திருத்தம் அச்சொல்லை நீக்கி, போதிய பொருள் வசதி இல்லாதவர் என்னும் பொருள் தரும் வேறொரு சொல்லை அமைத்தது. சொற்களோடு பழகுகிறவன் என்ற முறையில் இம்மாற்றத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. 'நீ ஒன்றும் இல்லாதவனா?' என்று சட்டம் கேட்கவில்லை. 'இந்த வழக்குக்குரிய இந்தக் கட்டணத்தைச் செலுத்தப் போதிய வசதி உன்னிடம் உண்டா?' என்றுதான் கேட்கிறது.

அந்த வசதியைக் கணக்கிடும்போது இரண்டு வகைப் பொருள்களைச் சட்டம் தள்ளிவிடுகிறது. ஒன்று, வழக்குக்கு விஷயமான சொத்து. பெரியவர் கேட்கும் 20 லட்சம் ரூபாய்ப் பங்கு அவருடைய வசதியாக எண்ணப்படுவதில்லை. கைக்கு வராத பொருளைக் காட்டி ஒருவரைச் செல்வர் என்று சொல்வது முறையாகாது அல்லவா? இரண்டாவது, கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாத பொருள்கள். உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏரும் மாடும், கூலித் தொழிலாளரின் கூலி, அவர் குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவை இதில் அடங்கும். பெரியவரின் இஸ்திரிப் பெட்டியையும் தொழிற்கருவி என்று வாதிட இடமுண்டு. இவை போக எஞ்சியதைக் கொண்டு கட்டணம் கட்ட இயலுமா என்பதே கேள்வி. சாதாரணமாக, நேரிய வழியில், அத்தொகையைத் திரட்டும் ஆற்றல் ஒருவருக்கு உண்டா என்று பார்க்க வேண்டும் என 2011-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

மனுவில், வழக்கின் விவரங்களோடு, தமக்குள்ள அசையும் சொத்து, அசையாச் சொத்து அனைத்தையும் மதிப்புடன் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வெளியூரில் வாழ்வோர் ஈரூரில் உள்ளதையும் எழுதுதல் அவசியம். டில்லி வங்கிக் கணக்கை ஊரில் மறைப்பதும், ஊரிலுள்ள மனையை மறந்துவிடுவதும் மனுவையே கெடுத்துவிடும். மனுச் செய்வதற்கு முந்தைய 2 மாதங்களுக்குள் சொத்தை வஞ்சகமாகக் கைமாற்றியவர் மனுவும் தள்ளப்படும். நேரில் வருவதிலிருந்து நீதிமன்றம் விலக்கு அளித்தாலன்றி, மனுவை மனுதாரரே நேரில் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த் தரப்பினருக்கும் அரசு வழக்கறிஞருக்கும் அறிவிப்புச் சென்று, விசாரணைக்குப் பின்னரே அனுமதி கிடைக்கும்.

ஒன்றை நன்கு நினைவிற் கொள்ள வேண்டும். இந்த அனுமதி கட்டணத்தைத் தள்ளிவைக்கிறதே ஒழியத் தள்ளுபடி செய்வதில்லை. வழக்கு வென்றால், தீர்ப்பின்படி செலுத்தக் கடமைப்பட்டவரிடமிருந்து அரசாங்கம் வசூலிக்கும். வழக்கின் சொத்தின்மீதே அதற்கு முதற் பொறுப்பு உண்டு. தோற்றால், தொடுத்தவரே கட்ட வேண்டி வரும். ஆகவே வீண் வழக்குக்கு இது துணையன்று.

இரண்டாவது வழியும் ஒன்று இருக்கிறது. 1987-இல் இயற்றப்பட்டு 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, தகுதியுள்ளவருக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருவதோடு நீதிமன்றக் கட்டணத்தையும் ஆணைக்குழுவே ஏற்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு மாநில அரசு விதித்த ஆண்டு வருமான வரம்பு உண்டு. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு அது 5 லட்சம் ரூபாய். வருமானத்துக்குச் சான்றாக மனுதாரரின் பிரமாண வாக்குமூலத்தையே, ஐயம் எழாதவரை, ஏற்றுக்கொள்ளலாம் என்று சட்டம் கூறுகிறது. வழக்கில் நியாயம் இருப்பதாக முதல் நோக்கில் தெரிந்தால் போதும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

சாலை விபத்தில் குடும்பத் தலைவரை இழந்தோரும் மனம் தளர வேண்டியதில்லை. அரசுப் பேருந்து மோதிக் கணவனை இழந்த ஏழைப் பெண்ணும் அவள் மகளும் கட்டணமின்றி இழப்பீடு கோரியபோது, ஹரியானா மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்று எதிர்த்தது. 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த எதிர்ப்பைக் கண்டித்து, 33-ஆம் கட்டளையின் சலுகை விபத்துத் தீர்ப்பாயத்திலும் உண்டு என்பதை உறுதி செய்தார்.

காலக்கெடுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து தாம் விலக்கப்பட்டதை அறிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். பணம் சேரட்டும் என்று காத்திருப்பவர், பணம் சேரும்போது உரிமையை இழந்து நிற்பார். காலத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட்டால், பின்னர் அது நிராகரிக்கப்பட்டாலும், கட்டணம் செலுத்த நீதிமன்றம் அவகாசம் தரலாம். அந்த அவகாசத்துக்குள் கட்டணத்தையும் உரிய செலவுத் தொகையையும் செலுத்தினால், மனுக் கொடுத்த நாளிலேயே வழக்குத் தொடுத்ததாகக் கருதப்படும்.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் இரண்டு மாலைகள் எடுத்துச் சொன்னேன். முடிவில், "அப்படியானால் நான் பிச்சை கேட்கவில்லை, தவணைதான் கேட்கிறேன்" என்றார். நான் ஒரு மணி நேரம் பேசியதை அவர் ஒரே வாக்கியத்தில் மொழிபெயர்த்துவிட்டார்.

கோடையில் ஊருக்குப் போய்த் தம் கையாலேயே மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. முடிவு எப்படியாகும் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் 12 ஆண்டுகள் நிறைவதற்குள் அவர் குரல் அங்கே பதிவாகிவிட்டது. உங்களுக்குத் தெரிந்தவர் எவரேனும் கட்டணத்துக்கு அஞ்சித் தயங்கி நின்றால், இச்செய்தியை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.