ஒரே மன்றம், இரண்டு நீதிபதிகள்



வரி நீதிபதியைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் பின்வரிசையில் இருவர் காபிக்கு எழுந்துவிட்டார்கள். போய் வாருங்கள். மைக்கேல் ஜாக்சன் வரும்போது ஓடி வருவீர்கள்!

அமெரிக்க வரி நீதிமன்றம் 1924-இல் மேல்முறையீட்டு வாரியமாகப் பிறந்தது. 1942-இல் நீதிமன்றம் என்ற பெயர் பெற்றது. அதிபர் நியமிக்க, செனட் ஒப்புதல் தர, ஒரு நீதிபதிக்குப் பதவிக்காலம் 15 ஆண்டு. தலைமையிடம் வாஷிங்டன். ஆனால் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு நீதிபதியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விசாரிப்பார். ஜூரி கிடையாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அங்கே மற்ற நீதிமன்றங்களுக்குப் போனால், முதலில் வரியைக் கட்டு, பிறகு வழக்குப் போடு என்பார்கள். வரி நீதிமன்றத்தில் கட்டாமலேயே வழக்காடலாம். வரித்துறை நோட்டீஸ் அனுப்பிய 90 நாளுக்குள், 60 டாலர் கட்டணத்தோடு மனு கொடுத்தால் போதும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் தானே நின்று பேசலாம். ஆண்டுக்கு 50,000 டாலர் வரையிலான தகராறுக்கு எளிய நடைமுறை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் மேல்முறையீடு இல்லை. அந்த மனிதருக்கு அந்த நீதிபதிதான் முதலும் கடைசியும்.

2003-இல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இந்த மன்றத்துக்கு நியமித்தவர்களில் இருவர் மார்க் ஹோம்ஸ், டயான் க்ரூபா.

ஹோம்ஸிடம் வந்தது ஜாக்சன் வழக்கு. 2009-இல் ஜாக்சன் இறந்த அன்று, அவருடைய பெயருக்கும் முகத்துக்கும் என்ன மதிப்பு? அதற்கு மரணச் சொத்து வரி போட வேண்டுமே! வாரிசுத் தரப்பு சொன்னது 2,105 டாலர். ஆமாம், ஒரு நல்ல கிதார்கூட வாங்க முடியாத தொகை! வரித்துறை நோட்டீஸில் கேட்ட மதிப்பு 43 கோடி டாலருக்கு மேல்; விசாரணையில் அவர்களே 16 கோடிக்கு இறங்கினார்கள். அரசுத் தரப்பு மதிப்பீட்டாளர் சாட்சிக் கூண்டில் பொய் சொன்னதும் அம்பலமானது. அதற்காக ஹோம்ஸ் அந்தச் சாட்சியத்தை ஒரேயடியாகத் தூக்கி எறியவில்லை. அதற்குரிய எடையைக் குறைத்தார். இறந்த பிறகு குவிந்த புகழையும் பணத்தையும் ஒதுக்கிவிட்டு, இறந்த அன்று எதை எதிர்பார்த்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டார். 2021 மே மாதம் தீர்ப்பு: சுமார் 41 லட்சத்து 50 ஆயிரம் டாலர். வாரிசுகளுக்கு அபராதமும் இல்லை.

க்ரூபாவின் கதை கசப்பானது. 2014-இல் ஓய்வு பெற்றார். 2016-இல் அவர் மீதே வரி ஏய்ப்பு வழக்கு! கணவரின் ஆலோசனைத் தொழிலுக்கான செலவு என்று கணக்கில் ஏறியவை என்னென்ன தெரியுமா? பிலாட்டீஸ் வகுப்பு, ஸ்பா, நகை, ஒயின் கிளப் சந்தா, தாய்லாந்துப் பயணம்! வீட்டுச் செலவா, தொழில் செலவா என்று ஊரார் கணக்கைப் பிரித்துப் பார்ப்பதுதானே அந்த மன்றத்தின் அன்றாட வேலை? அந்த நாற்காலியில் இருந்துகொண்டே இதைச் செய்திருக்கிறார். தணிக்கை வந்தபோது ஆவணங்களையும் மறைத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 2017-இல் 34 மாதச் சிறை.

அந்த மன்றத்துக்கே அவமானம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீதிபதியின் ரசீதையும் சாதாரண ரசீதாகப் புரட்டிப் பார்த்த தணிக்கையாளர்கள் அந்த நாட்டில் இருந்தார்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தி.

இங்கே வந்திருக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாக்சன் தீர்ப்பு 271 பக்கம். காசு கொடுக்க வேண்டாம், இணையத்தில் கிடைக்கிறது. முழுவதும் படிக்க நேரமில்லை என்றால், அந்த மதிப்பீட்டாளர் மாட்டிக்கொள்ளும் பகுதியையாவது படித்துவிட்டு அடுத்த குறுக்கு விசாரணைக்குப் போங்கள்.