அரசு வாங்கும் பொருளில் நமக்குரிய பங்கு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. பள்ளி முடித்தோரை அரசுப் பணிக்கு ஆயத்தம் செய்தது. அரசு என்றவுடன் வேலை கொடுப்பது என்ற ஒன்றே நம் நினைவுக்கு வருகின்றது. அரசு பொருள் வாங்குவதும் ஆகும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மேசை, நாற்காலி, சீருடை, இரும்புச் சட்டம், அச்சுப்பணி, வாகன வாடகை, துப்புரவுப் பணி என நாள்தோறும் அது வாங்குகின்றது. நம் மாவட்டத்திற்கு அண்மையில் இராணிப்பேட்டையில் பாரத மிகுமின் நிறுவனம் உண்டு. அப்பால் நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் உண்டு. இவை வாங்கும் பொருளில் நம் மக்கள் கையால் ஆனவை எத்தனை?

ஓர் அனுபவத்தைக் கூறுவோம். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், கூலி வேலை செய்த பெற்றோரின் மகன், இரும்புப் பட்டறை ஒன்றை நடத்தி வருகின்றார். பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைக் கண்டு, முன்வைப்புத் தொகைக்காக வட்டிக்குக் கடன் வாங்கினார். விலையும் நியாயமாகவே குறித்தார். ஆயினும் இடையில் வெளியான திருத்த அறிவிப்பை அவர் படிக்கவில்லை. பழைய அளவின்படி விலை கூறியதால் அவரது விண்ணப்பம் தள்ளப்பட்டது. கட்டிய தொகை திரும்பி வருமுன் பல மாதம் வட்டி கட்டினார். உரிய சான்றை இணைத்திருந்தால் அத்தொகையையே அவர் கட்டியிருக்க வேண்டியதில்லை என்பது பின்னரே தெரிந்தது. "ஐயா, தொழிலில் நான் தோற்கவில்லை, காகிதத்தில் தோற்றேன்" என்றார். நாம் தலை குனிந்தோம். விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக் கொடுத்த நாம், ஓர் ஒப்பந்தப்புள்ளியைப் படிக்கக் கற்றுக் கொடுக்கவில்லையே!

சட்டம் என்ன சொல்கின்றது? நடுவண் அரசு 2012ஆம் ஆண்டு ஒரு கொள்முதல் ஆணையைப் பிறப்பித்தது. நடுவண் அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்றும், அதனுள் 4 விழுக்காடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது என்றும் அது கூறிற்று. 2015 முதல் இது கட்டாயமாயிற்று. 2018இல் 20 என்பது 25 ஆக உயர்ந்தது; மகளிர்க்கும் 3 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. ஆனால் நமக்குரிய அந்த நான்கு, பல ஆண்டுகளில் ஒன்றைக்கூட எட்டவில்லை. வாங்குவோர் நம்மைத் தேடவில்லை என்பது ஒரு காரணம். நாம் வாயிலுக்குச் செல்லவில்லை என்பது மற்றொன்று.

செல்லும் வழியைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, பதிவு. 2020 சூலை முதல் நடைமுறையில் உள்ள 'உத்யம்' பதிவுக்குக் கட்டணம் இல்லை. இதற்கெனப் பணம் கேட்கும் தரகரிடம் செல்ல வேண்டாம்; மாவட்டத் தொழில் மையத்திற்குச் செல்லுங்கள். சாதிச் சான்றும் கையில் இருத்தல் வேண்டும். கூட்டு நிறுவனமாயின் குறைந்தது 51 விழுக்காட்டுப் பங்கு நம்மவருக்கு இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, இடம். 2016இல் தொடங்கிய 'ஜெம்' எனும் அரசு மின்சந்தையில் விற்பனையாளராகப் பதிய வேண்டும். தமிழக அரசுத் துறைகளின் அறிவிப்புகள் மாநில ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் வெளியாகின்றன; அவை 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்திற்கு உட்பட்டவை. 2016இல் நடுவண் அரசு தொடங்கிய தேசிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மையம், தேசியச் சிறுதொழில் கழகத்தின் வழியாக நமக்குப் பயிற்சியும் வழிகாட்டுதலும் தருகின்றது.

மூன்றாவது, சலுகை. 2012ஆம் ஆண்டு ஆணையின்படி ஒப்பந்தப்புள்ளிப் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. பெரிய நிறுவனம் ஒன்று 100 ரூபாய் என மிகக் குறைந்த விலை கூற, நீங்கள் 115க்குள் கூறியிருந்தால், அந்த 100 ரூபாய்க்கு இசைந்து கொள்முதலில் ஒரு பங்கைப் பெறலாம். ஆனால் ஒன்றை மறவாதீர். இச்சலுகை உற்பத்தி செய்வோருக்கும் சேவை புரிவோருக்கும் உரியது. வாங்கி விற்போருக்கும் கட்டுமான ஒப்பந்தத்திற்கும் பொருந்தாது.

நான்காவது, கணக்கு. மூலப்பொருள், கூலி, மின்சாரம், வண்டி வாடகை, வரி, பணம் வரும் வரையிலான வட்டி ஆகிய அனைத்தையும் கூட்டிய பின்னரே விலையைக் குறியுங்கள். வெற்றி பெற வேண்டும் என்ற ஆசையால் அடக்க விலைக்குக் கீழே கூறுவது பட்டறையைப் பூட்டும் வழியாகும்.

ஐந்தாவது, பணம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் சிறுநிறுவனத்தின் பணத்தை நிறுத்தி வைத்தல் ஆகாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. முறையிடத் தனி மன்றமும் உண்டு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இச்சலுகைகளுக்காக நம் பெயரைக் கடன் கேட்டுப் பிறர் வருவர். கையொப்பம் மட்டும் போடு, மாதம் ஒரு தொகை தருகிறோம் என்பர். இசையாதீர்கள். நேற்று நம் உழைப்பைக் கொண்டு பிறர் வாழ்ந்தனர். இன்று நம் சான்றிதழைக் கொண்டு வாழ எண்ணுகின்றனர். வழக்கு வந்தால் அந்தக் கையொப்பத்திற்கு நாமே பொறுப்பாவோம்.

இச்சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு மாலை, நம் கட்டடத்தில் அறிவிப்புகளைக் கூடிப் படிப்போம். கணினி அறிந்த மாணவர் ஒருவர், கணக்கு அறிந்த ஆசிரியர் ஒருவர், தொழில் அறிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். திருத்த அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படிப்போம். அந்தப் பட்டறை மாணவர் முதல் நாளே வருவதாகக் கூறியுள்ளார். தோற்ற காகிதத்தையும் கொண்டு வருவார். அதுவே நம் முதற்பாடம் ஆகட்டும்.

கற்பி, ஒன்று சேர் என்று அண்ணல் அம்பேத்கர் காட்டிய வழி, தொழிலுக்கும் பொருந்தும்.