28-வது நாள்: ஒரு தீவும் ஒரு பென்சிலின் ஊசியும்

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டுள்ளது.)

வழக்கமா இங்கே டெக் பேசுவோம். இன்னைக்கு ஒரு ஊசியைப் பற்றிப் பேசப் போறேன். கடைசியில டெக்கும் வரும், ஆனா கொஞ்சம் அடி வாங்கிட்டுத்தான் வரும்.

என் பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா. அவங்க ஸ்கூல் படிக்கும்போது மாசம் தவறாம ஆஸ்பத்திரிக்குப் போய் இடுப்புல ஒரு ஊசி போட்டுக்கிட்டு வருவாங்க. அன்னைக்கு ஃபுல்லா சரியா உட்கார முடியாது. வரும் வழியில பெரியம்மா பன்னீர் சோடா வாங்கித் தருவாங்க, எனக்கும் ரெண்டு வாய் கிடைக்கும். அந்த ஊசியைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் அக்கா அதை விட்டுட்டாங்க. நல்லாத்தானே இருக்கேன்னு நினைச்சாங்க. சில வருஷம் கழிச்சு, கர்ப்பமா இருந்தப்போ, மாடி ஏறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சது. எக்கோ எடுத்துப் பார்த்தா இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருந்தது. பலூன் வச்சு அதை விரிச்சாங்க. குழந்தை நல்லபடியா பிறந்தது. அந்த ஆஸ்பத்திரி எங்க வீட்டுல இருந்து ஒரே பஸ்.

அந்த 'ஒரே பஸ்' இல்லாத ஊர்ல இது நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுத் தேடினப்போதான் திமோர்-லெஸ்தே பற்றிப் படிச்சேன்.

தென்கிழக்கு ஆசியாவுல, ஒரு தீவோட கிழக்குப் பாதி. மக்கள் தொகை சுமார் 13 லட்சம். போர்ச்சுகல் ஆண்டது, அப்புறம் 1975-ல இந்தோனேசியா பிடிச்சது, 2002-லதான் முழு சுதந்திரம். 1999 வன்முறையில நாட்டோட பெரும்பாலான கட்டடங்கள் நாசமாச்சு. ஆஸ்பத்திரிகளும் தப்பல. அதுக்கப்புறம் கியூபா உதவியோட நூற்றுக்கணக்கான டாக்டர்களை உருவாக்கியிருக்காங்க. அது பெரிய சாதனை. ஆனா திறந்த இதய அறுவை சிகிச்சைன்னா இன்னமும் நாட்டை விட்டு வெளியேதான் போகணும்.

அங்கே பேசுற தேத்தும் மொழியில இதயத்துக்கு 'ஃபுவான்'னு பேர். பழத்துக்கும் அதே சொல்தான்.

அங்கே 2016-ல ஒரு குழு, 5 முதல் 20 வயசு வரையிலான 1,300-க்கும் மேற்பட்டவங்களுக்குக் கையில தூக்கிட்டுப் போற எக்கோ மெஷினால ஸ்கேன் பண்ணிப் பார்த்தது. தலைநகர் திலியிலயும், காபி விளையற மலை மாவட்டமான எர்மேராவுலயும். ஆயிரத்துக்குச் சுமார் 35 பேருக்கு ருமாட்டிக் இதய நோயோட அடையாளம் இருந்தது. முப்பது பேர் இருக்கிற ஒரு வகுப்புல ஒரு பிள்ளைன்னு வச்சுக்கோங்க. பெரும்பாலானவங்களுக்குத் தங்களுக்கு அது இருக்குன்னே தெரியாது.

அக்காவுக்கு வந்ததும் இதே நோய்தான். ஆரம்பம் வெறும் தொண்டை வலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா. அதுக்குச் சரியா மருந்து கொடுக்கலைன்னா, சில பிள்ளைகளுக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியே வழிமாறி மூட்டையும் இதயத்தையும் தாக்கும். இன்னைக்கு முட்டி வலி, நாளைக்கு முழங்கை. வலி போயிடும். வால்வுல விழுந்த தழும்பு போகாது. ஒவ்வொரு முறை தொற்று திரும்ப வரும்போதும் தழும்பு கூடும். நெருக்கமான வீடு, தண்ணி வசதி குறைவுன்னா தொற்று சுலபமா பரவும். அதனால இது ஏழைகளைத் தேடி வர்ற நோய்.

உலகம் முழுக்க சுமார் 5.5 கோடி பேருக்கு இது இருக்கு, வருஷத்துக்கு சுமார் 3.6 லட்சம் பேர் இறக்கிறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

நம்ம மூளை உடனே எங்கே போகும்? 'ஒரு ஹார்ட் சென்டர் கட்டு, சர்ஜனை அனுப்பு.' அதுவும் தேவைதான். வால்வு கெட்டுப்போன பிள்ளையைக் காத்திருன்னு சொல்ல முடியாது. ஒரு ஆஸ்திரேலிய அமைப்பு, நோயாளிகளை ஆஸ்திரேலியாவுக்கே கூட்டிட்டுப் போய் சிகிச்சை கொடுக்குது. மொழி தெரியாத ஊர்ல, வீட்டை விட்டு வாரக்கணக்கில்.

ஆனா சர்ஜரியோட கதை முடியாது. உலோக வால்வு வச்சா வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, அந்த அளவைப் பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மலைக் கிராமத்துல அந்தப் பரிசோதனையை எங்கே எடுப்பீங்க? பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: அந்த மாத்திரை கர்ப்பத்துல சிசுவைப் பாதிக்கலாம். திசு வால்வு வச்சா, சின்ன வயசுக்காரங்களுக்கு அது சீக்கிரம் தேய்ஞ்சுடும். எதை வச்சாலும் பென்சிலின் ஊசி தொடரணும்.

திலியில இருந்து ஆஸ்திரேலியாவோட டார்வின் சுமார் 700 கிலோமீட்டர். பணக்கார நாடு, சர்ஜன்களுக்குப் பஞ்சமில்ல. அதே வட ஆஸ்திரேலியாவுல பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்த நோய் உலகத்துலயே மிக அதிகமா இருக்கிற இடங்கள்ல ஒண்ணுங்கிற அளவுக்கு இருக்கு. ஆபரேஷன் தியேட்டர் இருந்தாலும், அது மட்டும் இந்த நோயைத் தடுக்கல.

தடுக்கிறது அந்த ஊசி. பென்ஸத்தைன் பென்சிலின், 28 நாளுக்கு ஒரு தடவை. 1950-கள்ல இருந்து இருக்கிற மருந்து, விலையும் குறைவு. எக்கோவுல மட்டும் தெரியற ஆரம்ப நிலை நோய்க்கு இது உதவுமான்னு உகாண்டாவுல 818 பிள்ளைகள்கிட்ட ஒரு ஆய்வு நடந்தது, 2021-ல முடிவு வெளிவந்தது. ரெண்டு வருஷத்துல, ஊசி போட்டவங்கள்ல 0.8 சதவீதம் பேருக்குத்தான் நோய் முற்றியது. போடாதவங்கள்ல 8.2 சதவீதம். கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம்.

இந்த இடத்துல எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான். 28 நாள், ஒரு ரிமைண்டர், ஒரு டேட்டாபேஸ். வீக்கெண்ட்ல முடிச்சிடலாம். ரொம்ப உற்சாகமா அக்காவுக்கு ஃபோன் பண்ணி ஆப் ஐடியாவைச் சொன்னேன்.

அவங்க சிரிச்சாங்க. "மறந்துபோயாடா விட்டேன்? தேதி எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஊர்ல இருந்த நர்ஸக்கா என் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பேச்சுக் கொடுத்துக்கிட்டே மெதுவாப் போடுவாங்க. ஹாஸ்டல் பக்கத்துல அரை நாள் லைன்ல நிக்கணும், லேப் போயிடும், போடறவங்க முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாங்க. வலியை விட அதுதான்டா முடியல."

ஆப் ஐடியா அங்கேயே க்ளோஸ்.

28 நாளுக்கு ஒண்ணுன்னா, பத்து வருஷத்துக்கு 130 ஊசி. நல்லாயிருக்கிற ஒரு பிள்ளை, வலிக்கும்னு தெரிஞ்சே 130 தடவை வரணும். மழையில ரோடு போனாலும், குடும்பம் ஊர் மாறினாலும், படிக்க திலிக்குப் போனாலும், அந்தப் பிள்ளை எங்கே இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சிருக்கணும். மரியா, ஜோசேன்னு ஒரே பேர்ல பல பேர் இருக்கிற நாட்டுல, எந்த மரியா இந்த மாசம் வரலைன்னு பார்க்க ஒரு பதிவேடு வேணும். அதுக்கு டெக் உதவும். ஆனா விடுபட்ட பேரைப் பார்த்ததும் மருந்தை எடுத்துக்கிட்டுக் கிளம்ப ஒரு ஆள் இருந்தாத்தான் அந்தப் பதிவேட்டுக்கு உயிர்.

திமோர்ல இதுக்கான வேலை நடக்குது. கையடக்க எக்கோவுல சந்தேகத்துக்குரிய இதயத்தை அடையாளம் காண, இதய நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்காங்க. ஏற்கெனவே கிராமத்துல இருக்கிற ஆட்களை வச்சே பிள்ளைகளைக் கண்டுபிடிக்கிற வழி அது. ஒரு ஹார்ட் சென்டர் திறப்பு விழா மாதிரி ஃபோட்டோ வராது. ஆனா ஒரு ஏழைத் தீவுல குழந்தைகளோட இதய சிகிச்சைக்கு முதல் பணத்தை எங்கே போடறதுன்னு என்கிட்ட கேட்டா, அந்த நர்ஸுக்குப் போடச் சொல்வேன்.

உங்களுக்கு ஒரே ஒரு விஷயம். நம்ம ஊர்லயும் இந்த நோய் ஒழியல. தொண்டை வலி வந்துபோன சில வாரத்துல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலோட மூட்டு மூட்டா வலி தாவுதுன்னா, 'வளர்ற வயசு'ன்னு விட்டுடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.

அக்காவுக்கு 40 வயசு வரைக்கும் ஊசி போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. போன வாரம் நான்தான் கூட்டிட்டுப் போனேன். பன்னீர் சோடா என் செலவு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.